ஓரக்கண்ணு மாமனின் ஓசி யோசனை

வா மருமவனே, உக்காரு. "நான் யாருன்னு சொல்லுங்க மாமா, பாப்போம்"னு வாசல்லயே நின்னு கேக்காம நேரா உள்ள வந்தியே, அதுக்கே உனக்கு ஒரு காப்பி உண்டு. எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சதுலருந்து ஆளாளுக்குப் பரீட்சை வைக்க வந்துட்டாக. மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கது, குரல மாத்திக்கிடுதது, "சொல்லும் பாப்போம், நான் யாரு?" பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். இப்ப எல்லாருக்கும் ஒரே பதிலுதான் வச்சிருக்கேன்: "ஐயாயிரம் கைமாத்து வாங்கிட்டுப் போன ஆளுல்லா நீ?" அம்புட்டுதான். பேரு, அப்பன் பேரு, தெருப் பேரு எல்லாத்தையும் அவனே ஒப்பிச்சுட்டு ஓடிப்போயிருதான்.

இது ஒரு கூட்டம்னா, என்னைய நம்பாத கூட்டம் இன்னொண்ணு. "மூலையில பூனை போனா 'சூ'ங்காரு, எதிர்ல நிக்க ஆளத் தெரியலங்காரு, நல்லா நடிக்காருய்யா பெருசு"ன்னு டீக்கடையில தீர்ப்பு எழுதியாச்சு. அவுக கணக்குல கண்ணுக்கு ரெண்டே நெலமைதான். ஒண்ணு தெரியணும், இல்லாட்டி தெரியவே கூடாது. நடுவுல நிக்கவன் களவாணிப்பய.

டாக்டரு சொன்னத எனக்குத் தெரிஞ்ச பாசையில சொல்லுதேன், கேளு. அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸ்ல மிசினு நல்லாத்தான் ஓடுது, திரையில மட்டும் நட்ட நடுவுல ஓட்ட விழுந்துபோச்சுன்னு வச்சுக்கோ. கதாநாயகன் மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணும் இருக்காது. பின்னால ஆடுத கூட்டமெல்லாம் பளிச்சுன்னு தெரியும். என் கண்ணு இப்ப அதுதான். விழித்திரைக்கு நடுவுல மாகுலான்னு ஒரு பொடி எடம் இருக்காம். மூஞ்சி பாக்க, எழுத்துக் கூட்ட, ஊசியில நூல் கோக்க எல்லாத்துக்கும் அதுதான் வேணுமாம். வயசான சில பேருக்கு அது தேஞ்சுபோவுது. புரைய எடுத்துட்டுப் புது லென்சு வச்சாச்சு. லென்சு அருமையா இருக்கு. திரைய மாத்தித் தரத்தான் ஆள் கெடையாது.

அதனாலதான் உன் மூஞ்சியப் பாக்காம உன் காதுக்கு ரெண்டு சாண் தள்ளிப் பாத்துப் பேசுதேன். நேராப் பாத்தா நீ இல்ல; தள்ளிப் பாத்தா இருக்க. பெரிய கண்ணாஸ்பத்திரியில 'லோ விஷன்'னு தனியா ஒரு பிரிவு இருக்கு. அங்க உள்ள ஒரு பொண்ணுதான், எந்தப் பக்கம் தள்ளிப் பாத்தா எனக்கு ஜாஸ்தி தெரியுதுன்னு கண்டுபிடிச்சுப் பழக்கிவிட்டது. பழகிட்டேன். இப்ப என்ன சங்கடம்னா, நான் உங்கத்தகிட்டப் பேசும்போதெல்லாம் அடுத்த வீட்டுக்காரியப் பாக்கேன்னு ஒரு பஞ்சாயத்து. அந்த வயசெல்லாம் தாண்டியாச்சுன்னு சொன்னா ரெண்டு பேருமே நம்ப மாட்டேங்காக.

அரசாங்கம் பரவால்ல, நம்பிருச்சு. 2016ல போட்ட மாற்றுத்திறனாளி சட்டத்துல, முழுசாப் பார்வை போனவுகளத் தனியாவும் என்னைய மாதிரி கொறப் பார்வைக்காரனத் தனியாவும் பிரிச்சு எழுதியிருக்காக. கண்ணாடியெல்லாம் போட்டுப் பாத்த பெறவும், நல்ல கண்ணுக்காரன் 18 மீட்டர்லருந்து படிக்கத நான் 6 மீட்டருக்குக் கிட்டப் போயும் படிக்க முடியலன்னா அந்தக் கணக்குல சேத்துருவாக. டீக்கடைக்காரன விட டெல்லிக்காரன் தேவலைன்னு நான் ஒத்துக்கிட்டது வாழ்க்கையில இந்த ஒரு விசயத்துலதான்.

சரி, என் கத கெடக்கட்டும். உன் கண்ணு எப்படி? "எனக்கென்ன மாமா, கழுகுக் கண்ணு"ன்னுதான் சொல்லுவ. இந்தா, செவத்துல தினசரி காலண்டர் தொங்குது. உன் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு கண்ணப் பொத்திப் படி. தேதிய இல்ல, அதத்தான் எங்க பாட்டியே படிப்பாளே. அடியில பொடி எழுத்துல ராகுகாலம், எமகண்டம் போட்டிருக்கான்லா, அத. இப்ப மத்தக் கண்ணு. விரல் சந்து வழியாப் பாக்காத மருமவனே. ஓரத்துல நடக்கதெல்லாம் எனக்குத் தெரியும்.

இந்தச் சோதனைய ஏன் செய்யச் சொல்லுதேன்னா, ஒரு கண்ணு படுத்துட்டா இன்னொண்ணு அது வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யும்; ஆளுக்குத் தெரியவே தெரியாது. தூசி விழுந்து கசக்கும்போது தற்செயலா ஒண்ண மூடித்தான் பல பேரு கண்டுபிடிக்கதே. அடுத்து சன்னல் கம்பியப் பாரு. நேரா இருக்கா, நடுவுல நெளியுதா? நெளிஞ்சா கொத்தனாரக் கூப்பிடாத, அன்னைக்கே கண்ணு டாக்டருகிட்டப் போ. மாகுலா கெடுததுல ஈர வகைன்னு ஒண்ணு இருக்கு. அதக் கண்ணுக்குள்ள ஊசி போட்டு நிறுத்தப் பாப்பாக, வெரசாப் போனாத்தான் பலன். ஊசின்னதும் மூஞ்சியச் சுளிக்கியோ? மரத்துப்போக மருந்து விட்டுட்டுத்தான் போடுவாக. பீடியக் காதுல சொருகிக்கிட்டு உக்காந்திருக்கியே, மாகுலா தேயுததுக்குப் பொகையும் ஒரு காரணம்னு கண்ணாஸ்பத்திரிச் செவத்துல எழுதியே போட்டிருக்காக.

சுகர் வந்ததும் நீ என்ன செஞ்ச? கால்ல புண்ணு வந்துரும்னு பயந்து எம்.சி.ஆர் செருப்பு வாங்குன. கெட்டிக்காரன். கண்ணுக்கு என்ன வாங்குன? சுகரு விழித்திரையில உள்ள பொடி ரத்தக்குழாயப் போயிக் கெடுக்கும். கசியும், அடைக்கும், போகப்போக நோஞ்சான் குழாய் புதுசா மொளச்சு, அது ஒடஞ்சு கண்ணுக்குள்ள ரத்தம் கொட்டும். கொட்டுத வரைக்கும் வலி கெடையாது, பல பேருக்கு மங்கலும் கெடையாது. கழுகுக் கண்ணுன்னு சொல்லிக்கிட்டே திரியலாம். சுகருன்னு தெரிஞ்ச அன்னைக்கே ஒருக்கா, பெறவு வருசா வருசம் ஒருக்கா, கண்ணுப் பாப்பாவ விரிய வச்சு உள்ளுக்குள்ள பாக்கணும். லேசரு, ஊசின்னு வைத்தியம் இருக்கு. அது இருக்கதக் காப்பாத்தும். போனத முழுசாக் கொண்டுவராது. கண்ணாடிக் கடையில போயி நம்பரு பாத்துட்டேன்னு சொல்லாத. நம்பரு வேற, நரம்பு வேற.

நரம்புன்னதும் உங்கப்பன் ஞாபகம் வருது. கடைசிக் காலத்துல மச்சான் நெலப்படியில தோள இடிச்சுக்கிட்டே போவாரு, திண்ணையில கெடக்க செம்பத் தட்டி விடுவாரு. "வரவரக் கவனமே இல்ல இந்த மனுசனுக்கு"ன்னு எங்கக்கா ஏசிக்கிட்டே பின்னால போவா. கவனம் இருந்தது, ஓரப் பார்வைதான் இல்ல. கண் நீர் அழுத்தம் ஏறி நரம்ப அரிச்சிருச்சு. எனக்கு நடு போச்சு, அவருக்கு ஓரம் போச்சு; ரெண்டு பேரும் சேந்து நடந்தா ஒரு முழு மனுசன். அந்த நோவுல போன பார்வை போனதுதான், திரும்பாது. அது ரத்த வழியில வருத நோவு மருமவனே. அப்பனுக்கு இருந்தா பிள்ளைக அத்தன பேரும் சோதிக்கணும். காட்டுல பங்கு கேட்டு கோர்ட்டு வரைக்கும் போன, இந்தச் சொத்துல உன் பங்கு என்னன்னு ஒருக்காவாவது போயிக் கேட்டியா?

அவரு சொட்டு மருந்து விட்ட அழகையும் நான் பாத்திருக்கேன். அண்ணாந்து மூணு சொட்டு விடுவாரு. ஒண்ணு கன்னத்துக்கு, ஒண்ணு மீசைக்கு, கடைசி ஒண்ணு தப்பித்தவறிக் கண்ணுக்கு. ஒரு சொட்டுதான் கண்ணு புடிக்கும். மிச்சம் வழிஞ்சு வீணாத்தான் போவும். கீழ் இமைய லேசா இழுத்து அந்தக் குழியில ஒண்ணு விட்டு, கண்ண மூடி, மூக்குப் பக்கத்து முனைய ரெண்டு நிமிசம் அமுக்கிக்கிட்டு இருக்கணும். இன்னொரு மருந்து இருந்தா 5 நிமிசம் கழிச்சு. மூடி தொறந்த புட்டிய ஒரு மாசத்துக்கு மேல வச்சுக்கிடக் கூடாது. அவரு இம்புட்டும் கேட்டுக்கிட்டு, "மருந்து விட்டும் ஒண்ணும் கூடலையே"ன்னு பாதியில நிறுத்திட்டாரு. அந்த மருந்து கூட்டுததுக்கு இல்ல, கொறையாம நிறுத்துததுக்குன்னு அவருக்குப் புரியுத மாதிரி யாரும் சொல்லல.

சரி, உனக்குன்னு ஒரு குடும்ப டாக்டரு இருக்காருன்னு எனக்குத் தெரியும். மெடிக்கல் ஸ்டோர்ல கல்லாவுல உக்காந்திருக்காரே, அவரு. பருத்தி மாரு கண்ணுல குத்துனாலும், கம்பு அடிக்கையில சுணை விழுந்தாலும், "கண்ணு செவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து குடும்"னு கேட்டாப் போதும். டக்குன்னு ஒரு புட்டிய நீட்டுவாரு. அதுல ஸ்டீராய்டு இருந்தா ரெண்டே நாள்ல செவப்பு கொறஞ்சிரும், உனக்கும் குளுகுளுன்னு இருக்கும். செடி கொடி குத்துன புண்ணுல பூஞ்சக்காளான் ஏறிக்கிடும், நம்ம பக்கத்துச் சம்சாரிகளுக்கு அதுதான் பெரிய எமன். ஸ்டீராய்டு விட்டா அதுக்குக் கொண்டாட்டம். செவப்பு போன சந்தோசத்துல நீ காட்டுக்குப் போவ, அது உள்ள இருந்து கருவிழியத் திங்கும், கடைசியில கண்ணுல பூ விழுந்து நிக்கும். வருசக்கணக்கா அந்தப் புட்டிய விட்டா கண் அழுத்தமும் புரையும் இனாம். இதுக்கு முந்துன தலைமொறை தாய்ப்பால் பீச்சுனாக, வெளக்கெண்ண விட்டாக, தூசிய நாக்கால நக்கி எடுத்தாக. அந்த நக்கு வைத்தியத்துக்குக் காசு வாங்கல, அது ஒண்ணுதான் அதுல நல்லது.

வெத்தலப் பொட்டியப் பிள்ளைக எட்டுத எடத்துல வைக்காத. சுண்ணாம்புப் பாக்கெட்ட அமுக்கி வெளாடும், வெடிச்சு நேரா கண்ணுல அடிக்கும். அடிச்சா யாருக்கும் போன் போட்டுக்கிட்டு நிக்காம அங்கனயே தண்ணிய ஊத்தி அர மணி நேரமாவது கழுவிக்கிட்டே இருக்கணும், பெறவுதான் ஆஸ்பத்திரி. மெட்ராஸ் ஐ வந்தவனப் பாத்தா ஒட்டிக்கிடும்னு கருப்புக் கண்ணாடி போட்டுத் திரிஞ்சியே, போன வருசம்? அவன் தொட்ட துண்ட நீ தொட்டுக் கண்ணக் கசக்குனாத்தான் ஒட்டும். நீ கண்ணாடி போட்டுக்கிட்டு அவன்கூட ஒரே துண்டுல மூஞ்சி தொடச்ச.

இப்ப ஒரு ரகசியம் சொல்லுதேன், உங்கத்த காதுல மறுபடி விழ வேண்டாம். கண்ணு மங்குனதுக்குப் பெறவு ஒரு நா அந்தியில அந்தச் செவத்துல பொடிப் பொடியா ஆளுக வந்தாக. முழ உசரம்தான் இருக்கும், எல்லாம் சரிகைப் பாவாடை, தலப்பாகை. ஒருத்தர் கூடப் பேசல. வரிசையாப் போனாக, போயிட்டாக. இன்னொரு நா தரை பூராவும் கட்டம் கட்டமாக் கோலம். நான் வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சேன். அம்புட்டுதான், வீட்டுல கோடாங்கியக் கூப்பிட ஏற்பாடு நடக்குது. ஒரு பக்கம், "பெருசுக்குக் கோட்டி புடிச்சிருச்சு"ன்னு பேச்சு. கோடாங்கி வருததுக்கு முந்தி நான் கண்ணு டாக்டருகிட்டப் போயிட்டேன். அவரு சிரிச்சாரு. கண்ணுலருந்து சேதி கொறஞ்சுபோனா மூள சும்மா இருக்காதாம், அதுவாப் படம் போட்டு நெரப்புமாம். 1760லயே ஜெனீவாவுல சார்லஸ் போனேன்னு ஒருத்தரு, தன்னோட தாத்தாவுக்கு இப்படித் தெரிஞ்சத எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு. அவரு பேரத்தான் இதுக்கு வச்சிருக்காக. அந்த ஊருல கோடாங்கி கெடையாது போல, அதான் பேரன் உக்காந்து பொறுமையா எழுதியிருக்கான்.

பாக்கது நெசமில்லன்னு நமக்கே தெரியும், சத்தம் கெடையாது, இதுல புத்திக் கோளாறும் ஒண்ணும் கெடையாதுன்னு சொன்னாரு. வெளக்கப் போடு, கண்ணச் சிமிட்டு, அங்கிட்டு இங்கிட்டுப் பாரு, போயிருவாகன்னாரு. போயிருதாக. ஊருல எத்தன கெழடு கட்டைக இதப் பாத்துக்கிட்டு, சொன்னாப் பேய் ஓட்டிருவாகன்னு பயந்து வாய மூடிக்கிட்டு இருக்கோ. உங்க சின்னாத்தா ஒருத்தி வேப்பமரத்துல பூக்காரி நிக்கான்னு சொல்லி அடி வாங்குனாளே, அவள ஒருக்கா கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.

நான் எப்படிக் காலந்தள்ளுதேன்னு கேக்கியா? வாழை எலைக்கு மாறிட்டேன். வெள்ளத் தட்டுல இட்லி வச்சா எனக்குத் தட்டு மட்டும்தான் இருக்கும். எவர்சில்வர்ல வச்சா லைட்டு வெளிச்சம்தான் இருக்கும். பச்ச எலையில வெள்ளச் சோறு விழுந்தா மலையாத் தெரியுது. வெஞ்சனம் எங்க எங்கன்னு தடவ வேண்டியதில்ல. தேங்காச் சட்னி மட்டும் இட்லிக்கு அங்கிட்டு ஒளிஞ்சுக்கிடும், அதுக்காகத் தக்காளிச் சட்னி அரைக்கச் சொல்லுதேன். ருசிக்காகத்தான் கேக்கேன்னு உங்கத்த நெனைக்கா. வாசப்படி விளிம்புல மஞ்சப் பெயிண்டு ஒரு இழுப்பு. படிக்கணும்னா வெளிச்சம் தோளுக்குப் பின்னாலருந்து வரணும், மூஞ்சியில அடிக்கக் கூடாது.

நோட்டு விசயத்துலதான் ஊரே என்னைய ஏமாத்தப் பாத்தது. நோட்டோட ரெண்டு ஓரத்தையும் தடவிப் பாரு. 500ல அஞ்சு கோடு மேடா இருக்கும், 100ல நாலு, 200லயும் நாலுதான், ஆனா நடுவுல ரெண்டு வட்டம். நஞ்சு நாறிப்போன நோட்டுல கோடு அழிஞ்சிருக்கும், அப்ப நீளம்தான் கணக்கு. 100ஐ விட 200 நாலு மில்லிமீட்டர் நீளம், 200ஐ விட 500 இன்னும் நாலு. நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்த விரலால கண்டுபிடின்னு சொன்ன மகராசன் நல்லா இருக்கட்டும்! அதுவும் முடியலன்னா ரிசர்வ் பேங்க் 2020ல விட்ட 'மணி'ங்குற ஆப்பு இருக்கு; போன்ல நோட்டக் காட்டுனா எத்தன ரூவான்னு சொல்லிரும். பலசரக்குக் கடையில ஒருக்கா சத்தமாச் சொல்ல வச்சேன். அதுலருந்து அவன் மிச்சம் சரியாக் குடுக்கான்.

நீ ரீல்ஸ் தள்ளுத அதே போன்தான். கேமராவத் தூக்கிப் புடிச்சு ரெண்டு விரலால விரிச்சா பஸ் போர்டு படிக்கலாம், மாத்திரை அட்டையில காலாவதித் தேதி படிக்கலாம். எழுத்த வாசிச்சும் காட்டும். போன் பாத்துக் கண்ணு அவிஞ்சுபோகும்னு ஊருல சொல்லுதது கூடுதல் பேச்சு. இமைக்க மறந்து வெறிச்சுப் பாக்கதுலதான் காஞ்சு உறுத்துது. அதுக்காக நீல வெளிச்சம் தடுக்கும்னு கண்ணாடிக்காரன் தலையில கட்டுனத வாங்கிட்டு வந்தியே, அந்தக் காசுக்கு விழித்திரையே சோதிச்சிருக்கலாம். பேரப்பிள்ளைகளத்தான் வெளிய வெரட்டணும். வெயில்ல வெளாடாம கிட்டத்துலயே பாத்துக்கிட்டுக் கெடந்தா பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை ஏறும்.

வெள்ளக் கம்பு எதுக்கு மாமா, உமக்குத்தான் கொஞ்சம் தெரியுமேன்னு கேக்க. அது எனக்கு வழிகாட்ட இல்லடா, லாரி ஓட்டுதவனுக்குச் சேதி சொல்ல. பரீட்சை வைக்கதும் பாதி கொறஞ்சிருக்கு. கண்ணத் தானமாவும் எழுதிக் குடுத்துட்டேன். எனக்குப் போனது திரை, கருவிழி நல்லாத்தான் இருக்கு, புரை ஆபரேசன் ஆனாலும் எடுத்துக்கிடுவாக. நான் போனதும் ஒப்பாரிய நீட்டாம 6 மணி நேரத்துக்குள்ள ஆளக் கூப்பிடு. செத்த பெறவாவது அது நேராப் பாக்கட்டும்.

கண்ணாஸ்பத்திரின்னா நாளத் தள்ளுதியே, ஒருத்தரு கத சொல்லுதேன், கேளு. எட்டயபுரம் பக்கத்துல வடமலாபுரம்னு ஒரு கரிசக்காட்டு ஊரு. அங்க 1918ல பொறந்தவருதான் டாக்டர் ஜி. வெங்கடசாமி. முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப்போச்சு. அந்த விரலையே பழக்கிக் கண் ஆபரேசன் செஞ்சாரு, லட்சத்துக்கு மேல. 58 வயசுல ரிட்டயராகி 1976ல மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் கண்ணாஸ்பத்திரிய ஆரம்பிச்சாரு. புரை எடுத்தா சோடாபுட்டிக் கண்ணாடின்னு இருந்த காலம் போயி, உள்ள வைக்கிற லென்ச 1992லருந்து அங்கனயே செஞ்சு வெலையக் கொறச்சாக. அங்கிட்டு எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரி 1819ல தொறந்தது. 200 வருசத்துக்கு மேலத் தொறந்துதான் கெடக்கு, உனக்குத்தான் இன்னும் நேரம் வரல. கோணுன விரல வச்சு அவரு லட்சம் கண்ணத் தொறந்தாரு. நேரா இருக்க விரல வச்சு நீ போனத் தள்ளு.

வாரது வெள்ளிக்கெழம. வேல ஒண்ணும் இல்லன்னு நீதான் சொன்ன. சுகர் சீட்டு, மாத்திர அட்ட எல்லாத்தையும் எடுத்துக்கோ, அப்பாவுக்குக் கண் அழுத்தம் இருந்ததுன்னு மறக்காமச் சொல்லு. வண்டிய எடுக்காத. பாப்பா விரிய மருந்து விட்டா நாலஞ்சு மணி நேரத்துக்கு வெயிலு கூசும், கிட்டத்து எழுத்துத் தெரியாது. கூட ஒரு ஆளு வேணும்பாக. வேற ஆளு அமையலன்னா நானே வாரேன். போகையில பஸ் போர்ட நீ படி, திரும்புகையில நான் படிக்கேன்.